ஐந்து லட்சம் டிஸ்க், எத்தனை பேர்? ராணிப்பேட்டை பிரேக் பாகத் தொழிற்சாலை ஒன்றின் விரிவாக்கம்: நிகழ்வு ஆய்வு

பூமி பூஜை அன்று மேடையில் சொன்ன எண் 200. என் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளில் இருந்த எண் 51. மேடையில் பேசியவர் பொய் சொல்லவில்லை. நானும் கணக்கில் தப்பு செய்யவில்லை. கார் பாகத் தொழிற்சாலை ஒன்று விரிவாகும்போது 'இத்தனை பேருக்கு வேலை' என்கிறோமே, அந்த எண் எங்கே பிறக்கிறது, எப்போது ஆளாக மாறுகிறது, அந்த ஆள் எத்தனை நாள் நிற்கிறார் என்பதை ஒரே ஒரு தொழிற்சாலையை வைத்துப் பார்க்கிறேன்.

கம்பெனியின் பெயர் வேண்டாம். வாங்குகிற கார் கம்பெனியோடு போட்ட ரகசிய ஒப்பந்தம் ஒரு காரணம். நான் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன் என்பது அதைவிடப் பெரிய காரணம். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் இருக்கிறது. கார்களின் முன்சக்கர பிரேக் டிஸ்க்கை வார்ப்படமாக வாங்கி, கடைந்து, துளை போட்டு, பேலன்ஸ் பார்த்து அனுப்புகிறோம். தொரப்பாடி பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்த கையோடு மெஷின் ஷாப்புக்கு வந்தவன் நான். இந்த விரிவாக்கத்தின்போது புரொடக்‌ஷன் இன்சார்ஜ். ஆள் எடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது, ஏனென்றால் எங்கள் ஹெச்.ஆர். என்பது ஒரே ஒருவர், அவரே டைம் ஆபீஸும்.

இந்த இடத்தில் ஏன்

என் தாத்தா வட ஆற்காடு மாவட்டத்தில் பிறந்தவர். 1989-ல் அது இரண்டாகப் பிரிந்தது. அப்பா வேலூர் மாவட்டத்தில் ஓய்வு பெற்றார். 2019-ல் வேலூர் மூன்றானது. நான் ராணிப்பேட்டை மாவட்டத்துக்காரன். வீடு மட்டும் அதே தெருவில்தான் இருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பக்கம் என்றால் தோல், ஷூ, பிரியாணி. ஆனால் இரும்பும் எங்களுக்குப் பழசுதான். 1971-ல் உருவான சிப்காட்டின் தொடக்ககால வளாகங்களில் ராணிப்பேட்டை ஒன்று. பெல் (பி.ஹெச்.இ.எல்.) நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவி ஆலை இங்கே இருக்கிறது. அரக்கோணத்தை ஒட்டி இச்சிப்புத்தூரில் எம்.ஆர்.எஃப். டயர். சோளிங்கர் என்றால் பக்தர்களுக்கு யோக நரசிம்மர் மலை; எங்கள் தொழிலில் சோளிங்கர் என்றால் பிரேக்ஸ் இந்தியாவின் ஃபவுண்டரி, அதாவது இரும்பு வார்ப்பாலை. 1981-ல் தொடங்கியது, 2003-ல் ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியது. கலவையிலும் பாணாவரத்திலும் 'சி ஷிஃப்ட்' (ராத்திரி ஷிஃப்ட்) என்றால் என்னவென்று வீட்டுப் பாட்டிக்கும் தெரியும் என்றால், அது இந்த ஆலைகளால் வந்த பழக்கம். நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. லோடு ஏற்றினால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எல்லாம் ஒரு வேளைப் பயணம்.

கார் பாகத் தொழிலை இந்த ஊர் விரும்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதன் பெயர் குரோமியம். 1990-களில் மூடிப்போன குரோமேட் ஆலை ஒன்று விட்டுப்போன கழிவு மேடு இன்னமும் பேச்சில் இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பற்றிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும்' என்று சொன்ன தீர்ப்பு வேலூரை வைத்துத்தான் எழுதப்பட்டது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளின் மாசுக்கு மதிப்பெண் போட்டபோது 'வேலூர்–வட ஆற்காடு' 81.79 வாங்கி எட்டாவது இடம் பிடித்தது. (பழைய மாவட்டப் பெயர் அரசு ஆவணத்தில் இந்த மாதிரியா உயிரோடு இருக்க வேண்டும்!) அடுத்த ஜனவரியில், அப்படிக் கடும் மாசு என்று குறிக்கப்பட்ட 43 பகுதிகளில் புதிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருவதையே நிறுத்தி வைத்தார்கள்.

அதனால் எங்கள் முதலாளிக்கு ஒரு வைராக்கியம்: முலாம் பூசும் வேலை எதுவும் கேட்டுக்குள் வரக்கூடாது. ஐரோப்பிய விதிகள் நச்சு அதிகமான ஆறு இணைதிறன் குரோமியத்தைக் கார் பாகங்களிலிருந்து எப்போதோ விலக்கிவிட்டன, நச்சு குறைந்த மூன்று இணைதிறன் வகை இருக்கிறது என்று கஸ்டமர் தரப்பில் சொல்லிப் பார்த்தார்கள். "ராணிப்பேட்டையில குரோமியம்னு வாயத் தொறந்தாலே ஊரு கூடிடும்" என்று சொல்லி, லாபமுள்ள ஒரு பாகத்தை அவர் தொடாமலே விட்டார். எங்களிடம் இருப்பது, கடையும்போது சூட்டைத் தணிக்கும் கூலண்ட் கலந்த தண்ணீரும் இரும்புத் துருவலும்தான். துருவல் திரும்ப ஃபவுண்டரிக்கே உருகப் போகிறது.

ஆர்டர்

2021 தொடக்கத்தில் ஆர்டர் வந்தது: வருஷத்துக்கு 5 லட்சம் டிஸ்க். அதாவது 2.5 லட்சம் கார். மின்சாரக் கார் வந்தால் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் எதிர்காலம் கேள்விக்குறி. பிரேக் டிஸ்க்குக்கு அப்படி இல்லை. மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரம் திருப்புவதால் டிஸ்க் மெதுவாகத்தான் தேயும், ரிப்பேர் கடைகளில் போகும் விற்பனை குறையும். ஆனால் புதுக் காருக்கு டிஸ்க் வேண்டியதுதான். முதலாளி துணிந்ததற்கு இதுவே அடிப்படை.

இந்தத் தொழிலில் ஆர்டர் கிடைத்த நாளைக்கும் முதல் பில் போடும் நாளைக்கும் நடுவே ஒரு வருஷம் ஓடிவிடும். மெஷின் வர ஆறேழு மாதம். சாம்பிள் அனுப்பி, அளவு ரிப்போர்ட்டிலிருந்து பேக்கிங் வரை ஒவ்வொரு காகிதத்துக்கும் கஸ்டமர் ஒப்புதல் வாங்கும் பி.பி.ஏ.பி. என்ற சடங்கு. பிறகு அவர்களுடைய ஆளே வந்து நின்று, ஒரு ஷிஃப்ட் முழுக்க லைனை ஓட்டச் சொல்லி எண்ணிக்கை பார்ப்பார். அதற்குள் விலை பேசி முடிந்திருக்கும், ஒவ்வொரு வருஷமும் அதில் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கூலி வருஷா வருஷம் ஏறும், விலை வருஷா வருஷம் இறங்கும். மெஷின் ஷாப் முதலாளிகளுக்கு ஏன் சீக்கிரம் முடி நரைக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கணக்கு

என் தாளில் 51 வந்தது இப்படி. ஒரு ஷிஃப்ட் 480 நிமிடம். சாப்பாட்டுக்கு 30, இரண்டு டீக்குச் சேர்த்து 20 போனால் 430. லைனில் அதிக நேரம் எடுக்கும் மெஷினுக்கு ஒரு டிஸ்க்குக்கு 75 விநாடி. அந்த மெஷின்தான் லைனின் வேகம், மற்ற மெஷின்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பிரயோஜனம் இல்லை. கணக்குப்படி ஷிஃப்டுக்கு 344 வர வேண்டும். இன்சர்ட் என்ற கடையும் முனையை மாற்றுவது, கரண்ட் போவது, ரிஜெக்‌ஷன் எல்லாம் கழித்து நூற்றுக்கு எண்பது பிடித்தால் 275. மூன்று ஷிஃப்டுக்கு 825. வருஷத்தில் 300 நாள் ஓடினால் 2,47,500. ஆக, 5 லட்சத்துக்கு இரண்டு லைன்.

ஒரு லைனுக்கு ஷிஃப்டுக்கு ஐந்து பேர். இரண்டு லைன், மூன்று ஷிஃப்ட்: 30. லீவு எடுப்பவர்களுக்கு மாற்றாக நாலு பேர். மெஷினை அளவுக்கு அமைத்துத் தரும் செட்டர் மூன்று, குவாலிட்டி மூன்று, மெயின்டனன்ஸ் மூன்று, ஸ்டோரும் ஃபோர்க்லிஃப்டும் நாலு, பேக்கிங் நாலு. மொத்தம் 51.

மேடை எண்ணான 200 எப்படி வந்தது? ஷெட் கட்டிய கொத்தனார், வெல்டர். கேன்டீன், செக்யூரிட்டி, வேன் டிரைவர்கள். வார்ப்படம் கொண்டுவரும் லாரிகள். ஃபவுண்டரியில் கூடுதலாகத் தேவைப்படும் ஆட்கள். இவர்களையெல்லாம் சேர்த்தால் 200 வரலாம். அரசாங்க மனுவிலும் 'நேரடி, மறைமுகம்' என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன, மறைமுகத்தை யாரும் வந்து எண்ணுவதில்லை. என் வருத்தம் அந்த எண் பெரிதாக இருந்தது பற்றி இல்லை. கேட்டுக் கொண்டிருந்த ஊர்க்காரர் ஒவ்வொருவரும் அந்த 200-ஐ மெஷின் முன்னால் நிற்கும் 200 பேராக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள் என்பதுதான். மறுநாள் காலையில் பஞ்சாயத்துத் தலைவர் 64 பெயர்கள் கொண்ட பட்டியலோடு வந்தார். பட்டியலில் பத்தாம் வகுப்பு, பி.ஏ. தமிழ், ஒரு நர்சிங். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பதினோரு பேர்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சாமி 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். நான் அந்தப் பட்டியலில் இன்னொன்று சேர்த்துக்கொள்வேன்: ஆள் இல்லாத வேலை, வேலை இல்லாத ஆள், இரண்டும் ஒரே பஞ்சாயத்தில்.

முதல் 31 பேர்

2021 ஆகஸ்டில் 31 பேரைச் சேர்த்தோம். எல்லாரும் இருபது கிலோமீட்டருக்குள். எல்லாரும் ஆண்கள், அப்போது எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை.

பயிற்சி முடிந்து அக்டோபரில் லைன் ஓட வேண்டும். அந்த வருஷம்தான் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு. தைவானில் ஏதோ ஒரு சில்லு கிடைக்கவில்லை என்பதால் கார் கம்பெனி உற்பத்தியைக் குறைக்க, அம்மூரிலிருந்து வரும் பையனுக்கு மெஷின் இல்லை. ஆயுத பூஜைக்குப் புது மெஷின்களைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். ஓட்டத்தான் வேலை இல்லை. தரை பெருக்கவும் துருவல் அள்ளவும் விட்டோம். அது நாங்கள் செய்த முதல் தப்பு. ஐ.டி.ஐ. ஃபிட்டர் சான்றிதழோடு வந்தவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்தால் அவன் வீட்டில் என்ன சொல்வான்? லைன் உண்மையில் ஓடத் தொடங்கியது 2022 பிப்ரவரியில். பொங்கலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. 31-ல் மிஞ்சியது 17.

போன 14 பேரோடும் நானே போனில் பேசினேன். 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வணங்கல' என்று எங்கள் ஆபீசில் எல்லாரும் சொன்ன விளக்கம் எனக்கு உறுத்தியதால்தான் பேசினேன். கிடைத்த பதில்கள் வேறு.

"ஏ ஷிஃப்டு ஆறு மணிக்கு சார். எங்க ஊருக்கு ஃபர்ஸ்ட் பஸ்ஸே ஆறு பத்துக்குத்தான் வருது. பைக்கு வாங்கினா டியூவுக்கே சம்பளம் போயிடும்" என்றான் ஒருவன். நாலைந்து பேர் இடுப்பு வலி என்றார்கள். இரண்டு பேர் வீட்டுக்குப் பக்கத்தில் ஷூ கம்பெனிக்குப் போய்விட்டார்கள். சம்பள வித்தியாசம் பெரிதாக இல்லை, ராத்திரி ஷிஃப்ட் அங்கே இல்லை. ஒருவன் சொன்னது மட்டும் என்னை ரொம்ப நாள் விடவில்லை: "ஐ.டி. கார்டுல டிரெய்னின்னு போட்டுக்கீறீங்க சார். பொண்ணு வூட்ல கார்டப் பாத்துட்டு, 'இன்னாபா, இன்னும் படிச்சிகினு கீறியா'ன்னு கேக்கறாங்க."

அதற்குள் ஷெட்யூல் ஏறிவிட்டது. கஸ்டமரின் லைன் நின்றால் நிமிடக் கணக்கில் அபராதம். கான்ட்ராக்டர் மூலமாக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் 18 பேர் வந்தார்கள். நல்ல வேலைக்காரர்கள். கம்பெனிக்குப் பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்கினார்கள், பஸ் பிரச்சினை இல்லை, ஓ.டி. என்றால் சந்தோஷம். பஞ்சாயத்துத் தலைவர் மறுபடி வந்தார். இந்த முறை பட்டியல் இல்லை, கோபம் மட்டும்.

"இன்னா சார், மண்ணு எங்குளுது, தண்ணி எங்குளுது, வேல மட்டும் பீகாருக்கா?"

"தலைவரே, உங்க ஊருப் பசங்களத்தான் மொதல்ல எடுத்தேன். நிக்கலியே?"

"ஏன் நிக்கலன்னு கேட்டியா நீ?"

கேட்டிருந்தேன். செய்யத்தான் ஒன்றும் செய்திருக்கவில்லை.

'சட்டம் போட்டு உள்ளூர் ஆளை எடுக்க வை' என்ற குரல் எல்லா மாநிலத்திலும் இருக்கிறது. ஹரியானாவில் தனியார் வேலையில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்று சட்டமே போட்டார்கள். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டம் நின்றிருந்தாலும் எங்கள் விஷயத்தில் என்ன ஆகியிருக்கும்? நாங்கள் நூற்றுக்கு நூறு உள்ளூரில்தான் தொடங்கினோம்.

ஏழு கிலோ

மாற்றம் வந்தது ஆள் எடுக்கும் இடத்தில் இல்லை, தரையில். குவாலிட்டியில் இருந்த இளைஞர் ஒருவர் சும்மா இருக்கும்போது ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். வார்ப்படம் ஒன்று 7 கிலோ. முதல் மெஷினில் நிற்பவர் தரையோடு இருக்கும் பேலட் பலகையிலிருந்து குனிந்து எடுத்து மெஷினில் மாட்டுகிறார், கடைந்ததும் கழற்றி வைக்கிறார். ஷிஃப்டுக்கு 275 முறை. மாட்டுவதும் இறக்குவதும் சேர்த்தால் ஒரு மனுஷன் எட்டு மணி நேரத்தில் தூக்குவது மூன்றரை டன்னுக்கு மேல். ஒரு தடவைக்கு ஏழு கிலோ என்று பார்த்தபோது எங்கள் யாருக்கும் அது சுமையாகத் தெரியவில்லை. சமையலறையில் தண்ணீர்க் குடம் தூக்கும் வீட்டம்மாவின் கணக்கும் இதேதான் என்று என் மனைவி சொன்னாள். அது இந்த ஆய்வுக்குச் சம்பந்தமில்லை என்றாலும் உண்மை.

இரண்டு வழி இருந்தது. மேலே ஓடும் கேன்ட்ரி ரோபோவை வைத்தால் அதுவே மாட்டும், அதுவே இறக்கும், ஆளும் குறையும். அதற்குப் பணம் இல்லை, 2022 செப்டம்பரில் மின்கட்டணம் வேறு ஏறியிருந்தது. இரண்டாவது வழி மலிவு: பேலட்டை இடுப்பு உயரத்துக்கு ஏற்றித் தரும் ஸ்பிரிங் மேஜை, மெஷினிலிருந்து மெஷினுக்கு உருளைக் கன்வேயர், மாட்டும் இடத்தில் தூக்கித் தர ஒரு சின்ன ஹாய்ஸ்ட். எல்லாம் சிப்காட்டுக்குள்ளேயே ஒரு ஃபேப்ரிகேஷன் கடையில் செய்தது. முதல் மேஜை ஆடியது, திருப்பி அனுப்பினோம். ஹாய்ஸ்ட்டை ஆட்கள் முதல் வாரம் தொடவே இல்லை, கையாலே தூக்குவதுதான் வேகம் என்றார்கள். 75 விநாடிக்குள் ஹாய்ஸ்ட்டும் வந்து போக முடியும் என்று நானே ஒரு ஷிஃப்ட் நின்று காட்ட வேண்டியிருந்தது. மறுநாள் எனக்குக் கை வலி இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள்.

இது இடுப்பு வலிக்காகச் செய்தது. ஆனால் அதனால் திறந்தது வேறொரு கதவு. இதே ராணிப்பேட்டையில் 2021 நவம்பரில் கிரீவ்ஸ் நிறுவனம் மின்சார ஸ்கூட்டர் ஆலையைத் திறந்தபோது, வேலை செய்பவர்களில் 70 சதவீதம் பெண்களாக இருப்பார்கள் என்று அறிவித்தார்கள். நாங்கள் 'அது அசெம்பிளி, ஸ்பேனர் வேலை. இது இரும்பு' என்று சொல்லிக்கொண்டோம். தூக்க வேண்டியதில்லை என்று ஆன பிறகு அந்தச் சமாதானம் செல்லவில்லை.

முதலில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆறு பெண்களை எடுத்தோம். நாலு பேர் மேல்விஷாரம், ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளில் மேல்தோல் தைத்தவர்கள். டிஸ்க்கின் கனம் சுற்றிலும் 10 மைக்ரானுக்கு மேல் மாறக்கூடாது. ஒரு தலைமுடியின் பருமனில் ஏழில் ஒரு பங்கு அது. மாறினால் பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் உதறும். அளவை டயல் கேஜ் சொல்லிவிடும். ஆனால் கடைந்த முகத்தில் ஊசிமுனை அளவு ப்ளோ ஹோல் (வார்ப்பில் காற்று விட்ட ஓட்டை) இருந்தால் கண்ணும் விரலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். தோலில் ஒரு தையல் பிசகினால் விரலாலேயே உணர்ந்து பழகியவர்கள் அவர்கள். கஸ்டமரிடமிருந்து வந்த புகார்கள் அந்தக் காலாண்டில் குறைந்தன என்பதை மேனேஜ்மென்ட் ரிவ்யூவில் நானே வாசித்தேன்.

பெண்கள் இரவு ஏழு மணிக்கு மேல் தொழிற்சாலையில் வேலை செய்யலாமா என்று முதலாளி பயந்தார். தடை போட்ட பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரிலேயே செல்லாது என்று சொல்லிவிட்டது. பாதுகாப்பு, போக்குவரத்து போன்ற நிபந்தனைகள் உண்டு. ஆகவே சட்டத்தைவிட வேன்தான் முக்கியமாக இருந்தது. கலவை – திமிரி வழி ஒன்று, அம்மூர் – பாணாவரம் வழி ஒன்று என இரண்டு வேன் போட்டோம். காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பும், இரவு பத்தேகாலுக்குத் திரும்பக் கொண்டுபோய் விடும். பெண்களுக்காகப் போட்ட வேனில் ஆண்களும் ஏறினார்கள். 'நிக்கல' என்று நாங்கள் சொன்ன ஊர்ப் பையன்கள் நிற்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021-ல் வந்ததும் ஜெனரல் ஷிஃப்டுக்கு உதவியது. ஏ ஷிஃப்டுக்கு உதவவில்லை, இலவசமாக இருந்தாலும் ஐந்து மணிக்குப் பஸ் இருக்க வேண்டுமே.

முதல் 31 பேரில் இன்று இருப்பது ஒன்பது பேர். வேன் வந்த பிறகு சேர்ந்த 26 பேரில் 21 பேர் இருக்கிறார்கள். சின்னக் கூட்டம், இதை வைத்துப் பெரிய சித்தாந்தம் எதையும் நிறுவ முடியாது.

480 நாள்

தமிழ்நாட்டில் 1981-ல் வந்த ஒரு சட்டம் உண்டு: 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். சட்டம் நல்லது. அதைச் சுற்றி வளர்ந்த பழக்கம் எல்லாருக்கும் தெரிந்தது: 480 நெருங்கும்போது கணக்கை முடித்து அனுப்பிவிட்டு, வேறு பெயரிலோ வேறு கான்ட்ராக்டரிடமோ மறுபடி சேர்ப்பது. எங்களுக்கும் ஒரு ஆலோசகர் வந்து, நாள்காட்டியில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார்.

நான் எதிர்த்தேன். பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஸ்கிராப் கணக்கை வைத்துத்தான் எதிர்த்தேன். புது ஆப்பரேட்டர் முதல் மூன்று மாதம் வீணாக்கும் டிஸ்க்கும் உடைக்கும் இன்சர்ட்டும் ஒரு பக்கம், நிரந்தரமாக்கினால் கூடும் செலவு மறு பக்கம். நூலிழை வித்தியாசத்தில் நிரந்தரம்தான் மலிவாக வந்தது. அதிகமாக வந்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. முதலாளி இரண்டு நாள் யோசித்து, ஆப்பரேட்டர், செட்டர், இன்ஸ்பெக்‌ஷன் ஆட்களுக்கு மட்டும் சரி என்றார். 19 பேருக்கு ஆர்டர் கொடுத்தோம். ஸ்வீட் பாக்ஸில் ஆற்காடு மக்கன் பேடா. கார்டிலிருந்து 'டிரெய்னி' போனது.

ஸ்டோரும் பேக்கிங்கும் இன்றுவரை கான்ட்ராக்ட்தான். அதே கேட், அதே கேன்டீன், வேறு கலர் சட்டை. ஒடிசாவிலிருந்து வந்தவர்களில் ஐந்து பேர் இன்னும் இருக்கிறார்கள். அதில் ஒருவர் எங்கள் சிறந்த செட்டர். அவர் அம்மூரில் வீடு வாடகைக்கு எடுத்து, பிள்ளையை அங்கே பள்ளியில் சேர்த்துவிட்டார். பிள்ளை இப்போது எங்கள் ஊர்த் தமிழ் பேசுகிறது, 'இன்னாப்பா' உட்பட. பஞ்சாயத்துத் தலைவரின் கணக்கில் அவர் வெளியூர். என் கணக்கில் எதில் போடுவது?

மூன்றாவது லைன்

2024 மார்ச்சில் டாடா மோட்டார்ஸ் பனப்பாக்கத்தில் ஆலை அமைக்க அரசோடு ஒப்பந்தம் போட்டது. ரூ.9,000 கோடி முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 28-ம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்கள் உட்பட, படிப்படியாக வருஷத்துக்கு 2.5 லட்சம் வண்டிகள் என்று திட்டம். எங்கள் கேட்டிலிருந்து அந்த இடம் தூரமில்லை. எங்களுக்கு அங்கிருந்து ஆர்டர் எதுவும் இல்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் நிலம் விலை, ரூம் வாடகை, செட்டர்களின் சம்பளம் எல்லாம் பேச்சிலேயே ஏறின. அதே பனப்பாக்கத்தில் 25,000 பேருக்கு வேலை என்று சொல்லி ஷூ ஆலை ஒன்றுக்கும் அடிக்கல் போட்டார்கள். பெண்களுக்கு வேன் போடும் ஒரே கம்பெனி என்ற எங்கள் சலுகை இனி எத்தனை நாளைக்கோ.

வளர்ச்சி என்றால் எல்லாரும் கை தட்டுவார்கள் என்று நினைக்க முடியாது. பழைய வட ஆற்காட்டின் இன்னொரு பகுதியான செய்யாறு பக்கம் மேல்மாவில், சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2023 நவம்பரில் ஏழு பேர்மேல் குண்டர் சட்டம் போட்டு, பிறகு கண்டனம் எழுந்ததும் ஆறு பேர்மீது அதைத் திரும்பப் பெற்றார்கள். எங்கள் விரிவாக்கம் ஏற்கெனவே சிப்காட்டிடம் வாங்கிய மனையிலேயே நடந்ததால் அந்தச் சோதனை எங்களுக்கு வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரையில் நான் வேறு பக்கம் நின்றிருக்கக்கூடும். எங்கள் வீட்டிலும் கலவைப் பக்கம் ஏரிக்கரையோரம் ஒன்றரைக் காணி இருக்கிறது.

இப்போது எங்களுக்கே மூன்றாவது லைன் வருகிறது. மெஷின் கம்பெனி கொடுத்த கொட்டேஷனில் கேன்ட்ரி ரோபோ சேர்த்தே வருகிறது. இல்லாமல் கேட்டால் டெலிவரி தாமதம் என்கிறார்கள். அப்போது வாங்க முடியாதது இப்போது கட்டுப்படியாகிறது, அந்தக் கேவலமான விலைக்குறைப்பு நிபந்தனை வேறு ஒவ்வொரு வருஷமும் கழுத்தைப் பிடிக்கிறது. ஷிஃப்டுக்கு இரண்டு பேர், மூன்று ஷிஃப்ட், மாற்றாள் ஒருவர். மொத்தம் ஏழு. பழைய மாதிரி லைன் என்றால் 17. முதலாளி கேட்டார்: "திறப்பு விழாவுல எவ்ளோன்னு சொல்லலாம்?" ஏழு என்றேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

அந்த ஏழு பேரும் கேன்ட்ரியை ஓட்டவும், நின்றால் புரோகிராமைப் பார்த்துச் சரி செய்யவும் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து எடுக்காமல் லைனிலிருந்தே அனுப்புவோம் என்று நான்கு பெயர் கொடுத்திருக்கிறேன். பயிற்சி பெங்களூரில், இரண்டு வாரம், தங்கிப் படிக்க வேண்டும். நாலு பேரில் ஒருவர் திமிரியிலிருந்து வரும் பெண். ஷூ கம்பெனியிலிருந்து வந்து இன்ஸ்பெக்‌ஷனில் சேர்ந்து, இப்போது டிரில்லிங் மெஷின் செட்டிங் வரை வந்துவிட்டவர். மூன்று பேர் அன்றைக்கே சரி என்றார்கள். அவர் மட்டும், "மாமியாருக்குக் கண் ஆபரேஷன் தேதி குடுத்துக்கீறாங்க சார், பெரிய பையனுக்குப் பரீட்ச வேற. வூட்ல பேசிட்டு திங்கக்கெழம சொல்றேன்" என்றார். பயிற்சித் தேதியை ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமா என்று பெங்களூருக்கு மெயில் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.